சொந்தக் காரணம்

திருகோணமலை,
ஆவணி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உனது கடிதம் கிடைத்தது. மகன் வீட்டில் எல்லோரும் நலம் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, உன்னைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகச் சலித்துக்கொண்டிருக்கிறாய். சீனி கூடிவிட்டது, பிரஷர் குளிசை ஒன்று இரண்டாகிவிட்டது, வைத்தியர் எடையைக் குறைக்கச் சொல்கிறார், மருமகள் சோற்றை அளந்து போடுகிறாள், நடக்கத் தொடங்கினால் இரண்டு கிழமைக்கு மேல் மனம் ஒட்டுவதில்லை. இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, "நான் மன உறுதி இல்லாதவனாகிவிட்டேன்" என்று முடித்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, மழையென்றும் வெயிலென்றும் பாராமல், பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றி அக்கரைப் பாடசாலைக்குப் போய் வந்தவன் நீ. உறுதி உன்னிடம் இல்லாமற் போகவில்லை. அதைச் செலவிட உனக்கென்று ஒரு காரணம் இன்னும் அகப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

நீ எழுதிய காரணங்களை மறுபடி வாசித்துப் பார். எடை வைத்தியருடையது, சோற்றின் அளவு மருமகளுடையது, பயம் மகனுடையது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனிதர்களின் ஊக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். பிறருடைய வற்புறுத்தலாலோ குற்றவுணர்வாலோ தொடங்கும் செயலைவிட, தான் மதிக்கின்ற ஒன்றுக்காகத் தானே தெரிந்தெடுத்த செயல்தான் நீடிக்கும் என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. நாம் வகுப்பறையில் நாள்தோறும் கண்டதும் இதைத்தானே. பரீட்சைக்காகப் படித்த பிள்ளை பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தை மூடிவிடும்.

எனக்கு இந்த எண்ணத்தைத் தந்தவர் கிளினிக்கில் இருக்கும் ஒரு தாதி. கொப்பியில் இலக்கத்தை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சேர், சீனி குறைஞ்சால் என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. இரவு யோசித்தபோது எனக்கு வேண்டியவை இரண்டே இரண்டு என்று தெரிந்தது. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை, ஆட்டோ பிடிக்காமலும் நடுவில் நின்று மூச்சு வாங்காமலும் என் கால்களால் ஏற வேண்டும். பேத்தியோடு தரையில் சப்பணமிட்டு இருந்து விளையாடிவிட்டு, கையை ஊன்றாமல் எழும்ப வேண்டும். நூறு வயது வரை வாழ்வது என் பட்டியலில் இல்லவே இல்லை.

இப்போது விடியற்காலையில், கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்குவதற்கு முன்பே போய்விடுகிறேன். வாசல் வளைவைக் கடந்தால் ஆலமர நிழலில் மான்கள் படுத்திருக்கும். யாராவது எறிந்த வாழைப்பழத் தோலுக்காக ஒரு கிழட்டு ஆண்மான் மட்டும் எழுந்து வரும். அதுவரை சமதரை, பேசிக்கொண்டே நடக்கலாம். அதற்கப்பால் பாதை மெல்ல மெல்ல உயர்ந்து, கடலைக் காணுமுன்னே கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் தொடைகள் கனக்கும், பேச்சும் துண்டு துண்டாகும். தொடக்கத்தில் அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன். இப்போது அந்தச் சுவரைக் கடந்த பிறகுதான் அதைக் கடந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வருகிறது.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்.பி.ஏ.1.சி என்று உன் கொப்பியில் எழுதுகிறார்களே, அந்த இலக்கம் இரத்தத்தின் செங்கலங்களில் ஒட்டியிருக்கும் சீனியைக் காட்டுவது. செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், இன்று நீ நடந்த நடை அந்தக் கணக்கில் முழுமையாகத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். தராசும் அவ்வாறே, ஒரு கிழமை இறங்கும், மறு கிழமை ஏறும். இவற்றையே காரணமாக வைத்துக்கொண்டவன் பலன் தெரியுமுன்னே சலித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால், ஏறும்போது மூச்சு இலகுவாவதும், இரவில் உறக்கம் ஆழமாவதும் அதற்கு வெகுமுன்பே தெரிந்துவிடும். தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் அது இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் அந்த இயல்பு நீடிக்கும். சாப்பிட்டவுடன் சாய்மனைக் கதிரையில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நடக்கச் சொல்வதும் இதனாலேதான்.

என் அத்தானின் கதை உனக்குச் சிரிப்பைத் தரும். அலைபேசியில் அடிகளை எண்ணி எண்ணி, பத்தாயிரம் ஆகும் வரை முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அலைபேசி பழுதானதோடு நடையும் நின்றுவிட்டது. கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

சாப்பாட்டிலும் எது உனக்குப் பெரிது என்பதை நீயே தீர்மானித்துவிடு. பெருநாளுக்கு அயல் வீட்டிலிருந்து வரும் வட்டிலாப்பம் என்ற இனிப்பை நான் விடப்போவதில்லை. ஆண்டில் இரண்டு நாட்கள் வருவதற்காக ஒரு நட்பின் முகத்தை வாடவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால், தேநீரில் போட்ட சீனி எனக்கு எந்தப் பெருமகிழ்ச்சியையும் தரவில்லை, வெறும் பழக்கம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 8 கிராம் அளவில், நாளுக்கு ஐந்து கோப்பை குடித்தால் 40 கிராம். மாதத்திற்கு ஒரு கிலோவுக்கும் மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் கீழே நிற்பது நல்லது என்கிறது. அதை விட்டபோது எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. காலையில் பிட்டைக் குறைத்து முருங்கையிலை வறையைக் கூட்டியதும் அவ்வாறே. நீ மாம்பழப் பிரியன்; உன் கணக்கு வேறாக இருக்கும், இருக்கட்டும்.

இனி உன் காரணத்துக்கு வருகிறேன். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், முன்பெல்லாம் சுவாமியைத் தோளில் காவும் இளைஞர்களில், காவுதடியின் முன்பக்கமான முன்கொம்பு எப்போதும் உன் தோளில்தான் இருக்கும். கொழும்புக்குப் போன பின்பும் எழுதும் கடிதத்திலெல்லாம் இந்த முறை சுவாமி எந்தத் தெருவால் வந்தது என்று கேட்கிறாய். மாசிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மறுபடி காவ வேண்டும் என்பதா, அல்லது தெருத்தெருவாகச் சுவாமியின் பின்னால் கடைசி வரை நடக்க வேண்டும் என்பதா உன் ஆசை என்று யோசித்துப் பார். காவுவதென்றால் நடை மட்டும் போதாது. தோளுக்கும் தொடைக்கும் முதுகுக்கும் வலுச் சேர்க்க வேண்டும். கிழமைக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்பதே வழிகாட்டல். கதிரையிலிருந்து கைப்பிடியைத் தொடாமல் எழும்பி மறுபடி அமர்வதில் தொடங்கலாம். உன் தொடர்மாடியில் லிப்ட் இருப்பதை ஒரு வரமாக எழுதியிருக்கிறாய். இறங்கும்போது மட்டுமாவது படிகளால் போய்ப் பார். மாலையில் மரைன் டிரைவில் காற்றும் உண்டு, பேசுவதற்கு நம்மூர் ஆட்களும் உண்டு.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. உனக்குச் சீனி வருத்தம் பல ஆண்டுகளாக இருப்பதால், கால் விரல்களில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று அடுத்த கிளினிக்கில் கட்டாயம் பார்க்கச் சொல். கோயிலுக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும். மதிய வெயிலில் அந்தக் கல்லும் தாரும் சுடுவது உனக்குத் தெரியும். உணர்வு குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளத்தைத்தான் பின்னர் காணலாம். நடைக்கு நல்ல மூடிய சப்பாத்து வாங்கிக்கொள். குளிசைகளில் சீனியைச் சட்டென்று இறக்கக்கூடியவை உண்டா என்றும் வைத்தியரிடம் கேட்டு, இருந்தால் சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்துக்கொண்டு புறப்படு.

இங்கே வேறு விசேடமில்லை. உன் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் பின்வளவுக் கிணற்றை இறைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மாசிக்கு வருவதானால் இரவு ரயிலுக்கு நேரத்தோடு முன்பதிவு செய்துவிட்டு எழுது. முன் அறையை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். காவுவதா, நடப்பதா என்ற முடிவையும் அதே கடிதத்தில் எழுதிவிடு. காவுவதென்றால் இப்போதே பெடியன்களிடம் ஒரு சொல் சொல்லி வைக்க வேண்டும், அவர்கள் முன்கொம்பை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்.