குளம்பழுகல்: மருந்துத் தொட்டி மட்டும் போதாது

ஐயா,

வடகிழக்குப் பருவமழையில் செம்மறிகள் நொண்டினால் உடனே கோமாரி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆட்டைப் புரட்டிக் குளம்பிடுக்கைப் பாருங்கள். வாயில் கொப்புளம் இல்லை, இடுக்கில் சகிக்க முடியாத நாற்றம், குதிகால் பக்கமிருந்து குளம்பின் ஓடு பிரிகிறது என்றால் அது குளம்பழுகல்.

100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் கரைத்து, சேறு கழுவிய கால்களுடன் ஆடுகளை 10 முதல் 15 நிமிடம் நிறுத்த வேண்டும். பெரும்பாலோர் தொட்டி வழியே ஓட்டிவிடுகிறார்கள். மருந்து ஊறுவதே இல்லை. பிறகு ஒரு மணி நேரமாவது காய்ந்த தரையில் நிற்கட்டும். வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். தாகத்தோடு தொட்டியில் இறக்காதீர்கள், குடித்துவிடும். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) வேண்டாம், செம்மறிக்குத் தாமிரம் எளிதில் நஞ்சாகும்.

ரத்தம் வரும்வரை குளம்பைச் சீவுவது பெருந்தவறு. புண் ஆறத் தாமதமாகும், கத்தி வழியே நோயும் பரவும். கடுமையாக நொண்டும் ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரிடம் ஊசி போடுவதே நல்லது.

அடியோடு ஒழிக்கக் கோடையே தருணம். கிருமி மண்ணில் சுமார் இரண்டு வாரம்தான் தாங்கும். குளம்புக்குள்ளோ மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆகவே வெள்ளாடு உட்பட ஒவ்வொன்றின் நான்கு கால்களையும் பார்த்து நோயுற்றவற்றைப் பிரித்து வையுங்கள். மற்றவற்றை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆட்டுக்கிடை போடாத நிலத்துக்கு மாற்றுங்கள். மருந்துக்கும் ஆறாததை மந்தையில் வைக்கக் கூடாது, இன்னொருவர் பட்டிக்கும் விற்கக் கூடாது. சந்தையில் வாங்கியவை நான்கு வாரம் தனியே நிற்கட்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர், சிவகங்கை