கைரவான் முற்றத்தின் வாட்டம்

அன்பு மகளுக்கு, வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

துனீசியாவில் நீ பணம் கட்டி வைத்த ஒருநாள் பயணம் நல்லபடியாக முடிந்தது. காலையில் சூஸ் நகரத்து ஹோட்டல் வாசலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டது. முதலில் கைரவான், பிறகு எல் ஜெம். போனில் உம்மாவே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டதால் எனக்கு வாய் திறக்க வழியில்லை. டிசம்பரில் மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் நீயும் போகிறாயாமே. அதனால் உம்மா சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

கைரவான் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி தூண்களிலிருந்துதான் ஆரம்பித்தார். 670இல் உக்பா இப்னு நாஃபி அந்த ஊரையும் பள்ளியையும் உண்டாக்கினார். இன்று நிற்பது பெரும்பாலும் 836இல் அங்கே ஆண்ட அக்லபி வம்சத்து அமீர் ஸியாதத்துல்லாஹ் எடுத்துக் கட்டியது. தொழும் இடத்தில் மட்டும் 400 தூண்களுக்கு மேல். பழைய ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அவற்றை எண்ணினால் கண் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டாம். உம்மா உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் மேலே பார்த்தேன். பல இடத்துத் தூண்கள் அல்லவா, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்றின் தலைவேலைப்பாடு மற்றதில் இல்லை. ஆனால் மேலே வளைவுகள் ஒரே மட்டத்தில் ஓடுகின்றன. தலைக்கும் வளைவுக்கும் நடுவே கட்டையும் கல்லும் கொடுத்து, குறைந்த இடத்தைக் கூட்டி மட்டம் பிடித்திருக்கிறார்கள். ரசமட்டம் வைத்துக்கொண்டே ஒப்பந்தக்காரர்கள் எனக்குக் காட்டிய கோணல்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வேனில் வந்த மற்றவர்கள் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க முடிந்தது, முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. நாங்கள் போய் இரண்டு ரக்அத் பள்ளிக் காணிக்கை தொழுதோம். இமாம் ஏறிப் பிரசங்கம் செய்யும் மிம்பர் மேடையை நிதானமாகப் பார். ஒன்பதாம் நூற்றாண்டுத் தேக்கு, செதுக்கிய பலகைகளே 300 இருக்கும். மரம் இந்தியாவிலிருந்து போனதாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்துக் கப்பல்காரர்களின் வேலையாகத்தான் இருக்கும் என்றாள் உம்மா. அதற்குச் சாட்சி கேட்க நான் துணியவில்லை.

இனி முற்றம். கல் பாவிய அந்தப் பெரிய முற்றத்தில் எல்லோரும் மினாரா கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அது 31 மீட்டருக்குச் சற்று மேல், மூன்று அடுக்கு, அடிப்பகுதியில் லத்தீன் எழுத்து வெட்டிய ரோமானியக் கற்கள். நானும் பார்த்தேன். அதற்குள் என் முழங்கால் சொல்லிவிட்டது, தரை வாட்டமாக, ஒரு பக்கம் சரிந்து போகிறது என்று. அந்த வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு பளிங்குக் கல். அதில் நீர் இறங்கும் துளை. மழைத்தண்ணீர் நேரே துளையில் விழ முடியாது. கல்லில் வெட்டிய வளைவு வளைவான குழிகளில் சுற்றி, தூசியையும் மண்ணையும் அங்கே போட்டுவிட்டுத்தான் நிலத்தடித் தொட்டிக்கு இறங்க வேண்டும். பக்கத்திலேயே தொட்டியிலிருந்து நீர் இறைக்கும் கிணற்றுவாய்கள். பழைய தூண் பீடத்தைக் குடைந்து செய்தது. கயிறு உரசி உரசி விளிம்பு முழுக்கப் பள்ளம், என் விரல் உள்ளே போய்விட்டது. வழிகாட்டி இதற்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை. நீ கேட்டு வாங்கு.

இதே வேலையைப் பெரிய அளவில் ஊருக்கு வெளியே அக்லபிகளின் குளங்களில் பார்க்கலாம். 860ஐ ஒட்டிய காலம். மேற்கே இருக்கும் குன்றுகளிலிருந்து வாய்க்கால் கட்டித் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த தண்ணீர் முதலில் சின்னக் குளத்தில் தங்கும். வண்டல் அங்கே படிந்தபின் தெளிந்த நீர் பெரிய குளத்துக்குப் போகும். பெரியதன் குறுக்களவு சுமார் 128 மீட்டர், ஆழம் கிட்டத்தட்ட 5 மீட்டர். மனக்கணக்குப் போட்டேன், 20 லட்சம் கன அடி தாராளமாக நிற்கும். கரைச்சுவரை நீர் தள்ளாமல் இருக்க உள்ளும் புறமும் வட்ட முட்டுச்சுவர்கள்.

அரபிகள் ரோமரிடம் கற்ற வித்தை என்றார் வழிகாட்டி. இருக்கட்டும். யாரிடம் கற்றாலும், வண்டலை முதல் தொட்டியிலேயே நிறுத்த நினைத்தவன் ஒரு தடவையாவது தூர்வாரி நொந்தவன். நம் ஊர்க் கண்மாய்களில் சர்வீஸ் முழுக்க நான் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், உனக்கே தெரியும். டூரிஸ்ட் ஆபீஸ் மொட்டைமாடியில் ஏற்றி, ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளப்பப் பார்த்தார்கள். நான் இறங்கிக் கரையோரம் போனேன். சின்னக் குளமும் பெரியதும் சேரும் இடத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். நீ படித்த படிப்புக்கு அது எனக்குப் புரிந்ததைவிட அதிகம் புரியும்.

அதன் பிறகு ஒரு கம்பளக் கடை. புதினா டீ கொடுத்து ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டார்கள். நபித்தோழர் அபூ ஸம்ஆ அடங்கியிருக்கும் இடத்துக்கு இதனால் ஓட்டமாகப் போய் ஸலாம் சொல்லி யாஸீன் மட்டும் ஓதிவிட்டு வந்தோம். ஓடு பதித்த சுவர்கள் அவ்வளவு அழகு, பார்க்க நேரமில்லை. மக்ரூத் வாங்கினோம். ரவையில் பேரீச்சம்பழம் பொதிந்து, பொரித்து, பாகில் போட்டது. எனக்குச் சர்க்கரை என்று உம்மா ஒன்றுதான் தந்தாள்.

எல் ஜெம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சின்ன ஊர், வீடுகளுக்கு நடுவே திடீரென்று அந்த ரோமானிய அரங்கம். 148 மீட்டர் நீளம், 122 அகலம், 36 மீட்டர் உயரச் சுவர். 35,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். எல்லாம் ஆலிவ் எண்ணெய்ப் பணம். அந்தப் பணத்தின் மேல் வரி ஏறியபோது, 238இல் ஊர் மிராசுதார் பிள்ளைகள் வரி அதிகாரியைக் கொன்றுவிட்டு, கோர்டியன் என்ற எண்பது வயதுக் கிழவரைச் சக்கரவர்த்தி ஆக்கினார்களாம். அவர் மூன்று வாரம்போலத்தான் தாக்குப்பிடித்தார். 1695இல் உள்ளே பதுங்கிய கலகக்காரர்களைத் துரத்த ஒரு பக்கச் சுவரைத் தகர்த்திருக்கிறார்கள், அந்த வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது. மிருகங்களை அடைத்த நிலவறைப் பாதைக்குள் இறங்கலாம். சின்னவன் கையை விட்டுவிடாதே, படிகள் தேய்ந்திருக்கின்றன.

என் கணக்கில் அது பணக்காரர்கள் கட்டிய பெருமை. பார்த்தேன், மலைத்தேன், அவ்வளவுதான். மனசு கைரவானிலேயே நின்றுவிட்டது. உம்மாவுக்கு நேர்மாறாக இருக்கிறது, அவள் எல் ஜெம் படத்தைத்தான் போனில் வைத்திருக்கிறாள்.

பதிவு செய்யும்போதே கம்பளக் கடை வேண்டாம் என்று எழுதிவிடு. மழை பெய்யும் நாளாக அமைந்தால் குடையோடு முற்றத்திலேயே நில், அந்தக் கல்லில் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது என்று வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளைக்கு ஸலாம்.

துஆவுடன்,
வாப்பா