நான்காம் நம்பர் கணினியைத் திருத்தித் தந்த எல்லோருக்கும்

களுவாஞ்சிகுடியில் நாங்கள் நடத்தும் பின்னேரக் கணினி வகுப்பின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டிய நன்றிதான். ஆனால் உதவியவர்களில் ஒருவர் செக் நாட்டில் இருக்கிறார், ஒருவர் சுவிஸில் இருக்கிறார், இன்னும் சிலர் யார், எந்த ஊர் என்றே தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுத வேண்டியதாயிற்று.

நடந்தது என்னவென்று தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வகுப்பு முடிந்தால் எங்கள் கணினிகள் சும்மாதான் கிடக்கும். தரம் 11 பிள்ளைகள் ஆசைப்பட்டதால், அவற்றை ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில் சேர்த்தோம். 2005இல் தொடங்கிய திட்டம் அது. ஈர்ப்பு அலைக் கருவிகளும் ரேடியோ தொலைநோக்கிகளும் பதிவு செய்த தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து, உலகம் முழுக்க உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புவார்கள். கணினி அந்தத் துண்டில் பல்சர் (சுழன்றுகொண்டே சீரான துடிப்புகளை அனுப்பும் ஒருவகை நட்சத்திரம்) போன்ற ஏதாவது துடிக்கிறதா என்று கணக்குப் பார்த்து விடையைத் திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது. சரியான விடைக்குப் புள்ளி தருவார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளியே போதும்!

இருக்கிற கணினிகளில் நான்காம் நம்பர்தான் கெதியானது. தட்டச்சு, படம் வரைதல், பிள்ளைகளின் சின்னச் சின்ன புரோகிராம் எல்லாம் அதில் சுணங்காமல் நடக்கும். ஒருநாளும் தானாக நின்றதில்லை, நீலத்திரை காட்டியதில்லை. கொடுத்த கணக்கையும் நேரத்துக்கு முடித்து அனுப்பிவிடும். அது அனுப்பிய விடைகளில் பெரும்பகுதி பிழையானவை என்பதை எங்களுக்குச் சொன்னவர் செக் நாட்டுக்காரர். முதல் நன்றி அவருக்கு.

அவர் எழுதியது நாலைந்து வரிதான். "உங்கள் கணினியின் விடையும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவதாக ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தார்கள், அது என்னுடையதோடு ஒத்துப்போனது. உங்கள் கணினியின் பட்டியலைப் பார்த்தேன், மற்றவர்களோடும் இதே கதைதான். ரேமைச் சோதித்துப் பாருங்கள்." ரேம் என்றால் வேலை நடக்கும்போது கணினி எண்களை வைத்திருக்கும் நினைவகம். ஒரு கடுஞ்சொல் இல்லை. அவருடைய கரண்டும் நேரமும்தான் வீணானது, கோபப்பட்டிருந்தாலும் நியாயம்தான். தன்னுடைய விடை ஏற்கப்பட்டுவிட்ட பிறகு, முன்பின் தெரியாத ஒருவருடைய கணினிக்கு என்ன வருத்தம் என்று தேடிப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஐயா, உங்கள் பெயரை இங்கே போட அனுமதி கேட்கவில்லை, அதனால் போடவில்லை. பிள்ளைகள் உங்களை "செக் மாமா" என்றுதான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்புவது வழக்கம். இரண்டு விடையும் ஒத்துப்போனால் ஏற்பார்கள், இல்லாவிட்டால் மூன்றாம் ஆளுக்குப் போகும். தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று பார்ப்பதில்லை. புரொசசருக்குப் புரொசசர், விண்டோசுக்கும் லினக்சுக்கும், கடைசி இலக்கங்களில் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். அதற்கு இடம் விட்டுத்தான் ஒப்பிடுவார்கள். வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேட 1999இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதேபோல் தொடங்கிய செட்டி அட் ஹோம் காலத்திலிருந்தே இந்த இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது. பழுதான கணினிகள் ஒரு காரணம். புள்ளிக்காகப் பொய் விடை அனுப்பிய ஆட்கள் இன்னொரு காரணம். ஆம், அப்படியும் ஆட்கள் இருந்தார்கள். 2010இல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் ஒரு புதிய பல்சரைக் கண்டுபிடித்தபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதி ஒருவருக்கும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரர் ஒருவருக்கும் சேர்த்துப் பெருமை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை அது.

ஆகவே எங்கள் கணினியால் விஞ்ஞானத்துக்குப் பெரிய சேதம் இல்லை. சேதமெல்லாம் மற்ற மனிதர்களுக்குத்தான். எங்களோடு சோடி சேர்ந்தவர்கள் காத்திருந்தார்கள், மூன்றாம் ஆள் செய்யத் தேவையில்லாத வேலையைச் செய்தார். கணக்கு இடையில் முறிந்து பிழைச் செய்தியோடு திரும்பினால், வேலையைப் பங்கிட்டு அனுப்பும் திட்டத்தின் சேர்வர் அந்தக் கணினிக்குக் கொடுக்கும் அன்றாட வேலையைக் குறைத்துக்கொண்டே போகும். எங்களுடையது முறியவே இல்லை. நல்ல பிள்ளைபோல் முடித்து, பிழையான விடையை நேரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நின்றுபோகும் கணினியைவிட இப்படி ஓடும் கணினி மோசம் என்பது என் கருத்து. எங்கள் பிழையைச் சுமந்த அந்த முகம் தெரியாத மூன்றாம் ஆட்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்தது, எங்கள் வகுப்பில் படித்து இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கும் தம்பி. வந்தாறுமூலையிலிருந்து பஸ் ஏறி வந்தான். கச்சான் காற்று அடிக்கும் காலம், ஜன்னலைத் திறந்தால் மண், பூட்டினால் வெக்கை. பெட்டியைக் கழற்றியதும் ஃபேன் இறக்கைகளில் தூசு பஞ்சு மாதிரித் திரண்டிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, புரொசசர் மேலே காய்ந்து வெடித்துப் போயிருந்த பசையைச் சுரண்டி எடுத்துப் புதுசு பூசினான். சூடு நன்றாகக் குறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும், "பொறுங்க மிஸ், இனித்தான் சோதனை" என்றான்.

பிரைம்95 என்ற மென்பொருளை ஓடவிட்டான். ஜோர்ஜ் வோல்ட்மன் என்பவர் 1996இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்தின் மென்பொருள் அது. பெரிய மெர்சென் பகா எண்களை (இரண்டை இரண்டால் பல தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை) தேடுவதற்காக எழுதியது. இப்போது பாதிப் பேர் கணினியை வருத்திச் சோதிப்பதற்கே அதைப் பாவிக்கிறார்கள். அந்தத் தேடலில் ஒரு எண்ணைக் கோடிக்கணக்கான தடவை வர்க்கமாக்கிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு விடையும் முந்தைய விடையிலிருந்து பிறக்கும். இடையில் ஒரு பிட் (கணினி எண்ணை எழுதும் 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. அதனால் அது தன் கணக்கைத் தானே அடிக்கடி பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்திலேயே எங்கள் திரையில் பிழைச் செய்தி விழுந்தது: முழு எண்ணுக்குக் கிட்டவாக வர வேண்டிய விடை 0.5 விலகி நிற்கிறது, 0.4க்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முழு எண்ணுக்கும் சரி நடுவில் நின்றால் எந்தப் பக்கம் சேர்ப்பது? கணக்கு கெட்டுவிட்டது என்று அர்த்தம். சூடு குறைந்தும் இது வருகிறதென்றால் வியாதி வேறு இடத்தில்.

இந்த இடத்தில் தரம் 10 பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வியையும் எழுதத்தான் வேண்டும். "மிஸ், சோதனையில பக்கத்தில இருக்கிற ரெண்டு பேரும் ஒரே பிழையை எழுதினா, சரியெண்டு போட்டிருவாங்களா?" நல்ல கேள்வி, கணினிகளின் இரட்டைச் சரிபார்ப்புக்கும் அதே கேள்விதான். ரேம் பழுதென்றால் ஒவ்வொரு கணினியும் தன்பாட்டுக்குப் பிழைக்கும், இரண்டு பிழை அச்சொட்டாக ஒத்துப்போவது அபூர்வம். ஆனால் புரொசசரின் வடிவமைப்பிலேயே பிழை இருந்தால் அதே வகைக் கணினிகள் எல்லாம் ஒரே பிழையைத்தான் சொல்லும். 1994இல் அது நடந்தது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் (11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண்களின்) தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். இன்டெல் நிறுவனத்தின் புதிய பென்டியம் புரொசசர் போட்ட கணினியின் விடை ஒத்துவரவில்லை. அதற்கு முந்தைய 486 புரொசசர் போட்ட பழைய கணினியில் போட்டுப் பார்த்தார், அது சரியாகச் சொன்னது. பென்டியத்தின் வகுத்தல் பகுதியில் வடிவமைப்புப் பிழை இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அன்று அவர் இன்னொரு பென்டியத்தில் மட்டும் சரிபார்த்திருந்தால்? கேட்ட பிள்ளைக்கும் நன்றி, அந்த ஒரு கேள்வியில் அன்றைய பாடமே நடந்து முடிந்தது.

வியாதியைக் கண்டுபிடித்தவர் கல்லடியில் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணன். பென்டிரைவில் இருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டார். காலையில் போனபோது திரை சிவப்பு வரியால் நிறைந்திருந்தது. எழுதிய எண் ஒரு பக்கம், திரும்ப வாசித்த எண் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், அதுவும் திரும்பத் திரும்ப அதே இடத்தில். இரண்டு ரேமையும் கழற்றினார். கால்கள் லேசாகப் பச்சை பிடித்திருந்தன. "உப்புக் காத்துக்கா இது, கடக்கரைப் பக்கம் வாற கொம்பியூட்டர் எல்லாத்திலயும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளின் அழிறப்பரை வாங்கித் தேய்த்தார். பளபளவென்று வந்தது. திரும்பவும் ஓடவிட்டால் அதே பிழை. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தார். ஒன்று சுத்தம், மற்றதுதான் கள்ளன்.

வகுப்பில் இது ஏன் தெரியவில்லை என்று அவரிடமே கேட்டேன். கடிதம் தட்டும்போது ரேமின் சிறு பகுதிதான் வேலை செய்கிறது, பழுதான இடத்தில் ஒரு படம் வந்து உட்கார்ந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யார் கவனிப்பார்கள் என்றார். பல மணிநேரக் கணக்கில் ரேம் நிரம்ப எண்ணாக இருக்கும்போது அந்த ஒரு பிட் எல்லா எண்ணையும் தொட்டுவிடும். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பிள்ளையள ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, கழட்டிப் பூட்டப் பழக்கிவிடுறன்" என்றார். அண்ணன், கட்டாயம் வருகிறோம்.

புது ரேம் வாங்க வேண்டி வரவில்லை. காத்தான்குடியில் வியாபாரம் செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர், கடையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினியிலிருந்து 4 ஜிபி ரேமைக் கழற்றித் தந்தார். "காசு வேணாம் தங்கச்சி, புள்ளைகள்ற வேலைக்குத்தானே" என்றார். தந்ததோடு விடவில்லை, வேலை செய்கிறதா என்று போன் எடுத்தும் கேட்டார். காக்கா, வேலை செய்கிறது. கல்லடி அண்ணன் அதையும் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் பூட்டினார்.

இனி, அந்தக் கணினியை அனுப்பித் தந்த சுவிஸ் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. விஷயம் கேள்விப்பட்டு, "பழுதானதைத் தந்துவிட்டேனோ" என்று வருத்தப்பட்டதாக உங்கள் அம்மா சொன்னார். மனம் நோகாதீர்கள். ரேம் எப்போது பழுதானது என்று யாராலும் சொல்ல ஏலாது. எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் முதல்முதலாக மவுசைப் பிடித்தார்கள். உங்களுக்கு எங்கள் நன்றி பழையபடியே இருக்கிறது, கூடியும் இருக்கிறது.

கரண்ட் பில்லை முணுமுணுக்காமல் கட்டும் தலைவர் ஐயாவுக்கும், இரவில் கரண்ட் போய் வந்தால் எழும்பிப் போய்ப் பார்க்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

இப்போது நான்காம் நம்பர் அனுப்பும் விடைகள் ஏற்கப்படுகின்றன. ரேம் மாற்றிய பிறகு முதல் விடை ஒத்துப்போன அன்று செக் மாமாவுக்கு எழுதினோம், பதிலுக்குச் சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினார். மற்றக் கணினிகளையும் பிள்ளைகள் மாதத்துக்கு ஒருதரம் மெம்டெஸ்ட்டில் போடுகிறார்கள், சூட்டைக் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். கழற்றிய பழுது ரேம் வகுப்பிலேயே இருக்கிறது. ஊரில் யாருக்காவது கணினியில் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாருங்கள், சோதித்துத் தருகிறோம்.

நன்றி மடலிலேயே இன்னொன்று கேட்பது முறையில்லைதான். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: கரண்ட் ஏறி இறங்குவதைத் தாங்க யூபிஎஸ் ஒன்று வேண்டும். பட்டரி செத்த பழையது என்றாலும் பரவாயில்லை. பட்டரி மாற்றித் தருவதாகக் கல்லடி அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை,
பிள்ளைகள் எல்லோருக்குமாக
களுவாஞ்சிகுடி