பி.டி. மாஸ்டராகிவிட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு,

ஒரு பையன் சேட்டை பண்ணினான் என்பதற்காக எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் கிரவுண்டில் நாலு ரவுண்டு ஓடவிட்டேன், அதுக்கப்புறம்தான் அடங்கினார்கள் என்று போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது வந்துவிடுகிறது. இதை நிதானமாகப் படி.

தம்பி, இனிமேல் ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதே. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயமே கிடையாது. பிள்ளைகளுக்கு ஓடப் பிடிக்க வைப்பதுதான் நம்ம வேலை, அதையே நாம் தண்டனை ஆக்கிவிட்டால் நாற்பது வயதில் அவர்களில் ஒருவராவது காலையில் எழுந்து நடக்கப் போவார்களா? கணக்கு டீச்சர் பேசினவனுக்கெல்லாம் அபராதமாகப் பத்துக் கணக்கு போடு என்றால் அவனுக்குக் கணக்கின் மேல் வெறுப்புதான் வரும், இதுவும் அப்படித்தான். அமெரிக்காவின் உடற்கல்வி ஆசிரியர்கள் அமைப்பான ஷேப் அமெரிக்காவும் இதைத்தான் சொல்கிறது, உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்கவும் கூடாது, தண்டனையாகப் பிடுங்கவும் கூடாது. நம்ம ஊரில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், பிள்ளைக்கு உடலால் தண்டனையும் கூடாது, மனதால் துன்புறுத்தலும் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. முர்கா போட வைப்பது (குனிந்து காலுக்கு அடியில் கைவிட்டுக் காதைப் பிடிக்க வைப்பது), முட்டி போட வைப்பது மட்டும்தான் அதில் வரும் என்று நினைக்காதே, வெயிலில் மூச்சு வாங்க நாலு ரவுண்டு ஓடவிடுவதும் என் கணக்கில் அதே ரகம்தான். அதுவும் ஒருத்தன் செய்ததற்கு நாற்பத்தஞ்சு பேரையும்! தப்பே செய்யாதவன் உன்மேல் இருந்த நம்பிக்கையைத்தான் அன்றைக்கு இழந்திருப்பான்.

சரி, பின்னே என்ன செய்ய என்று கேட்பாய். முதலில், அந்தப் பையன் எப்போது சேட்டையை ஆரம்பித்தான் என்று யோசித்துப் பார். எனக்குத் தெரிந்தவரை பி.டி. பீரியடில் முக்கால்வாசி வம்பு, பிள்ளைகள் சும்மா நிற்கிற நேரத்தில்தான் பிறக்கிறது. நீ கோ-கோ விளையாட வைத்தேன் என்றாய். மேட்ச் விதிப்படி எட்டு பேர் கட்டத்தில் உட்கார்ந்திருக்க, ஒருத்தர் விரட்ட, எதிர் டீமில் மூணு பேர்தான் உள்ளே ஓடுவார்கள், ஆக பன்னிரண்டு பேர். உன் வகுப்பில் நாற்பத்தஞ்சு பேர் என்றால் மீதி முப்பத்து மூணு பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பதிமூணு வயசுப் பிள்ளைகள் முப்பத்து மூணு பேர், கையில் வேலை இல்லாமல், வெயிலில். அதில் ஒருத்தன் பக்கத்தில் இருக்கிறவன் ஷூவைக் கழற்றி எறிவது பெரிய ஆச்சரியமா? மூணாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, லைன் போட்டு, அட்டெண்டன்ஸ் எடுத்த பிறகு நாற்பது நிமிஷப் பீரியடில் உருப்படியாக அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிஷம் உண்மையிலேயே ஓடியது என்று நாளைக்கு ஒரே ஒரு பிள்ளையை மட்டும் வாட்சைப் பார்த்துக் கணக்கெடு. அதைப் பார்த்தாலே உனக்கு எல்லாம் விளங்கிவிடும்.

உங்கள் பி.பி.எட். பாடத்தில் ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரை நீ பார்த்திருக்கலாம். 1970 வாக்கில் அவர் கண்டது இதுதான்: வகுப்பை நன்றாக நடத்துகிறவர்களுக்கும் திண்டாடுகிறவர்களுக்கும், சேட்டை நடந்த பிறகு கண்டிக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நடக்காதபடி முன்னாலேயே வகுப்பைக் கொண்டுபோகிற விதத்தில்தான் வித்தியாசம். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே, பி.டி. டீச்சராக இருந்த மும்பை தாராவியில் கண்ணால் பார்த்தேன். மாநகராட்சிக் கட்டிடம் ஒன்று, அதற்குள் மராத்தி, இந்தி, உருது, தமிழ் என்று நாலு பள்ளி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கிரவுண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூணு மாஸ்டர்கள் விசில் ஊதினால் எந்தப் பிள்ளைக்கு எந்த விசில் என்று தெரியும்? அதனால் நான் விசிலை நம்பவே இல்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவேன், பார்த்த பிள்ளை பந்தை இரண்டு காலுக்கு நடுவில் வைத்துவிட்டுத் தானும் கையைத் தூக்க வேண்டும், அதைப் பார்த்து அடுத்தது தூக்கும், அப்படியே அலை மாதிரி கிரவுண்டு முழுக்கப் பரவும். பந்து கையில் இருக்கும்போது நீ பேசினால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், தட்டிக்கொண்டே இருப்பார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. பந்து தரையில், கை மேலே, அப்புறம்தான் பேச்சு, அதுவும் அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

இது தானாக வராது. பந்து பாஸ் பண்ணச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஜூன் மாசம் முதல் இரண்டு வாரம் இதையே ஒரு விளையாட்டாக வை, ஓடு, நில், ஓடு, நில், எவ்வளவு சீக்கிரம் மொத்த வகுப்பும் நிற்கிறது என்று அவர்களே எண்ணட்டும். நேரம் வீணாகிறது என்று பிரின்சிபால் நினைத்தால் நினைக்கட்டும், ஆகஸ்டில் அந்த நேரம் உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

நிற்கிற இடமும் முக்கியம். சூரியன் உன் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகள் முதுகில் அடிக்கட்டும், இல்லாவிட்டால் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைத் திருப்புவார்கள், நீ கவனிக்கவில்லை என்று திட்டுவாய். விளையாட்டு நடக்கும்போது நடுவில் போய் நிற்காதே, ஓரமாக நடந்துகொண்டே இரு, யாருக்கும் உன் முதுகு தெரியக் கூடாது.

டீம் பிரிக்கும் விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, அதை உன் கிரவுண்டில் இன்றோடு நிறுத்து. கடைசியில் மிஞ்சி நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறாயா, ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு, சரி நீயும் வா என்று ஒருத்தன் கையை ஆட்டுவதற்காகக் காத்திருக்கும். அந்தப் பிள்ளை அடுத்த பீரியடில் வயிற்று வலி என்று வந்து நிற்கும், நீ அதை ஏமாற்று என்பாய். நீயே நாலு நிறப் பட்டைகளைக் கொடுத்து நாலு சின்ன டீமாகப் பிரித்து, இடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆறுக்கு ஆறு கபடி, இன்னொரு பக்கம் ரிங் பால் என்று நடத்து. மீதி ஆட்களுக்கு ஸ்கோர் எழுத, நேரம் பார்க்க, அம்பயராக நிற்க வேலை கொடுத்து ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்று. அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் டாரில் சீடன்டாப் இந்த அம்பயர், ஸ்கோரர் வேலைகளையே பாடத்தின் ஒரு பங்காக வைத்துத்தான் தன் முறையை உருவாக்கினார். அவுட் ஆனவன் வெளியே போய் உட்காருகிற விளையாட்டுகளைக் குறைத்துக்கொள், யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவன்தான் முதலில் வெளியே போகிறான்.

பாராட்டுவது பற்றி ஒரு வார்த்தை. குட், வெரி குட் என்று எல்லாருக்கும் பொதுவாக வீசாதே, பிள்ளைகள் அதைக் காதில்கூட வாங்குவதில்லை. நீ என்ன பார்த்தாய் என்று சொல். "பந்து கை நழுவிப் போனதும் நிற்காமல் திரும்பி ஓடினாயே, அதைப் பார்த்தேன்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை நாளைக்கும் திரும்பி ஓடும். ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒருத்தன் இருந்தான், மற்றவர்கள் பந்தையெல்லாம் உதைத்து விட்டுவிட்டு ஓடுவான். அவனைப் பீரியட் தொடங்குவதற்கு முன்னால் கூப்பிட்டு கோன் வைக்கச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லாமல் ஆறடிக்கு ஒன்று என்று மட்டும் சொன்னேன். அவன் தன் காலடியால் அளந்து, திரும்பிப் பார்த்து, வளைந்திருந்த ஒன்றை மட்டும் மறுபடி நகர்த்தி வைத்தான். "கோடு நேராக வந்திருக்கிறது" என்றேன். அன்றைக்கு அந்தக் கோன்களை உதைக்க வந்தவர்களை அவனே விரட்டினான். முழுசாக மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், கோபம் வந்தால் பந்து பறக்கத்தான் செய்தது, ஆனால் அவனிடம் பேச எனக்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

கண்டிக்க வேண்டி வந்தால், எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கத்தாதே. எட்டாம் வகுப்புப் பையனுக்கு நண்பர்கள் முன்னால் முகம் போனால் அவன் எதிர்த்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி வைக்காதவன் நீ. பக்கத்தில் போ, குனிந்து, மெதுவாக, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு உடனே நகர்ந்து போ, அவன் கேட்கிறானா என்று தலைக்கு மேல் நிற்காதே. மறுபடியும் செய்தால் இரண்டு நிமிஷம் ஓரமாக உட்காரட்டும், தயார் என்று தோன்றியதும் அவனே எழுந்து வரலாம் என்று சொல். மீதிப் பீரியட் முழுக்க உட்கார வைப்பது வேண்டாம். இன்னொரு டீச்சர் வந்து, ஹோம்வொர்க் செய்யவில்லை அதனால் இவனுக்குப் பி.டி. கிடையாது என்று சொன்னாலும் மரியாதையாக மறுத்துவிடு. சி.பி.எஸ்.இ. 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கும் உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது, எட்டாம் வகுப்பு அதில் வராவிட்டாலும் மற்ற பீரியடைப் போலத்தான் இதுவும் என்று தயங்காமல் சொல்.

பெண் பிள்ளைகள் விஷயம். நீ ஆண் மாஸ்டர். ஒரு பெண் வந்து "இன்னைக்கு முடியாது சார்" என்றால் ஏன், எதுக்கு என்று கேட்காதே, அவள் நண்பிகள் முன்னால் நிச்சயமாகக் கேட்காதே. ஸ்கோர் அட்டையைக் கையில் கொடு, அவ்வளவுதான். எல்லா வாரமும் அப்படிச் சொல்கிறாள் என்றால் வகுப்பு டீச்சரம்மாவிடம் தனியாகச் சொல்லி விசாரிக்கச் சொல்.

பீரியட் முடியும்போது இரண்டு நிமிஷம் மிச்சம் வை. சிகாகோவில் டான் ஹெலிசன் என்று ஒருவர், பள்ளியும் ஊரும் கைவிட்ட பிள்ளைகளை வைத்து வேலை செய்தவர், கடைசியில் கட்டை விரலைக் காட்டச் சொல்லும் முறையை வைத்திருந்தார். இன்றைக்கு நான் மற்றவர்களை மதித்தேனா, முயற்சி செய்தேனா, மேலே, பக்கவாட்டில், கீழே. நீ மார்க் போடாதே, அவர்களே காட்டட்டும். கீழே காட்டுகிறவனைக் கேள்வி கேட்காதே, உண்மையைச் சொன்னதற்காக ஒரு பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தப் பையனைப் பற்றி நீ சேட்டையைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டு வருகிறானா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், ஷூ அளவு சரியாக இருக்கிறதா, எந்த விளையாட்டில் கொஞ்சமாவது முகம் மலர்கிறது? இந்த வாரம் அவன் ஒழுங்காக இருக்கும்போது இரண்டு தரம் போய் ஏதாவது சாதாரணமாகப் பேசு, சேட்டை பண்ணும்போது மட்டும் நீ அவன் பக்கம் போகிற ஆளாக இருக்காதே. திங்கள்கிழமை வகுப்பைக் கூட்டி, அன்றைக்கு எல்லாரையும் ஓடவிட்டது சரியில்லை, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விளையாட்டை ஆரம்பி.

டீம் பட்டைகளுக்காக நாலு நிறத்தில் துணி வாங்கிவிட்டேன், நிறத்துக்குப் பன்னிரண்டு, நாற்பத்தெட்டையும் தைத்து, சித்தப்பா அடுத்த வாரம் உத்யான் எக்ஸ்பிரஸில் பெங்களூரு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். ஓரத்தில் எலாஸ்டிக் வைக்கிறேன், தலை வழியாகப் போட்டுக் கழற்றச் சுலபமாக இருக்கும். சிவப்பை முதல் தரம் தனியாகத் துவை, சாயம் போகும்.

அன்புடன்,
அம்மா