தம் சம்பளத்துக்குத் தாமே வாக்களிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனத் தலைவர்களின் ஊதியம் குறித்துத் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை, அமெரிக்காவில் இருப்பதைப் போன்ற பங்குதாரர் வாக்கெடுப்பு இங்கும் வேண்டும் என்று முடிந்திருந்தது. 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் அமெரிக்கப் பங்குதாரர்களுக்குத் தந்தது கருத்துச் சொல்லும் உரிமை மட்டுமே. 2012-இல் சிட்டிகுரூப் தலைமை அதிகாரி விக்ரம் பண்டிட்டின் ஊதியத்தைச் சுமார் 55 விழுக்காட்டு வாக்குகள் எதிர்த்தபோதும், அந்த முடிவு இயக்குநர் குழுவைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை.

நம் விதி அதைவிடக் கடுமையானது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கிய அல்லது தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தரப்பு) குடும்பத்தைச் சேர்ந்த செயல் இயக்குநர் ஒருவரின் ஆண்டு ஊதியம், 5 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்தில் 2.5 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதைத் தாண்டினால், சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்கிறது 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதி. எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்கு ஆதரவு கிடைக்காவிட்டால் தீர்மானம் தோற்றதுதான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸில் 2021 ஆகஸ்டில் நடந்தது இதுவே. புரமோட்டர் குடும்பத்தவரான நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனத்தையும் ஊதியத்தையும் ஒரே தீர்மானமாக முன்வைத்தார்கள். சுமார் 27 விழுக்காட்டு வாக்குகள் எதிராக விழுந்ததால் அது தோற்றது. சில நாள்களிலேயே இயக்குநர் குழு ஊதிய உச்சவரம்பை லாபத்தில் 3 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டு மீண்டும் ஒப்புதல் கேட்டது, இம்முறை கிடைத்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு அப்போலோ டயர்ஸிலும் நிர்வாக இயக்குநர் நீரஜ் கன்வாரின் மறுநியமனம் தோற்றபின், நிறுவனத் தலைவரான அவருடைய தந்தை, மகன் இருவரின் ஊதியமும் குறைக்கப்பட்டது. ஆக, வாக்குக்குப் பலன் இருக்கிறது. எப்போதும் இருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது: 2014-இல் டாடா மோட்டார்ஸ் பங்குதாரர்கள் நிராகரித்த இயக்குநர் ஊதியம், சில மாதங்களில் மறுவாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது.

என் குறை வேறு. ஐஷரில் ஏறக்குறைய பாதிப் பங்குகள் புரமோட்டர் தரப்பிடம் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணினால் எதிர்த்தவர்களே பெரும்பான்மை. ஆயினும் அந்தத் தீர்மானம் மயிரிழையில்தான் தோற்றது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 75 விழுக்காட்டையும் புரமோட்டரே வைத்திருக்கும் நிறுவனத்திலோ, மற்றவர்கள் அனைவரும் ஒன்றுதிரண்டு எதிர்த்தாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். புரமோட்டர் போன்ற தொடர்புடைய தரப்பினருடனான பெரிய பரிவர்த்தனைகளுக்கு ஒப்புதல் கேட்கும்போது அத்தரப்பினர் ஆதரித்து வாக்களிக்கக் கூடாது என்று வைத்திருக்கும் செபி, அவர்களுடைய சொந்தச் சம்பளத்துக்கு மட்டும் ஏன் விலக்களிக்க வேண்டும்? புரமோட்டர் ஊதியத் தீர்மானங்களில் புரமோட்டர் தரப்பு வாக்குகளை எண்ணக் கூடாது என்று விதியைத் திருத்த வேண்டும். நியமனமும் ஊதியமும் தனித்தனித் தீர்மானங்களாக வர வேண்டும்.

என்னைப் போன்ற சிறு பங்குதாரர்கள் மீதும் தவறு உண்டு. பொதுக்கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். ஓடிபி வாங்கி உள்ளே போனால் ஐந்து நிமிட வேலை. இருந்தும் பல ஆண்டுகள் அதைத் திறக்காமலே அழித்திருக்கிறேன். கடந்த ஆண்டுதான் ஓர் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில், ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல் நிர்வாக இயக்குநரின் ஊதியம் எத்தனை மடங்கு என்று காட்டும் அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் படித்தேன். என் 40 பங்குகளையும் எதிராகப் பதிவு செய்தேன். தீர்மானம் நிறைவேறியது, அங்கே புரமோட்டர் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தஞ்சாவூர்