நீலக் குடை தந்த தங்கைக்கு நன்றி

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில், மார்கழி மழையில், எங்களுக்கு அருகே இருந்த முக்காடு போட்ட தங்கையே, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சலுக்கு 21 நாள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றி, மகன் தேறி வீடு வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. திடீரென்று தூக்கம் போனது. என்னையே யாரோபோலப் பார்த்தான். எதுவும் உண்ணாமலே வாய் மென்றுகொண்டிருந்தது, விரல்கள் முறுக்கிக்கொண்டன. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். நூல் கட்டத்தான் கூட்டிப் போனேன்.

நீங்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, இவருக்கு அண்மையில் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டு, என் கைத்தொலைபேசியிலேயே அந்த அசைவைப் படம்பிடித்துத் தந்தீர்கள். "நூலைப் பிறகு கட்டலாம், முதலில் இதை டாக்டரிடம் காட்டுங்கள்."

காட்டினேன். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தார்கள். வைரஸ் திரும்பவில்லை, அதனோடு போராடிய உடம்பே, மூளை நரம்பணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. இந்த எதிர்ப்பொருள் நோய் 2007இல்தான் மருத்துவ உலகில் அடையாளம் காணப்பட்டது. பஸ்ஸில் ஒருவர் அதைச் சந்தேகித்தது எனக்கு இன்றும் வியப்பு. அந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீரொய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். தேறுவதற்கு மாதங்கள் பிடித்தன. போன கிழமை, "அம்மா, பசிக்கிறது" என்றான். அடுப்படியில் நின்று அழுதேன்.

காத்தான்குடியில் இறங்கும்போது உங்கள் குடையை என் கையில் திணித்துவிட்டு, நனைந்தபடி நடந்தீர்கள். அது எங்கள் கதவருகே தொங்குகிறது, தங்கை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அவனையும் பார்த்துவிட்டுப் போங்கள்.