ஒழிக்க அவற்கு இடமே

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பற்றிய என் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. நன்றி சொல்ல நூலில் ஒரு பக்கம்தான் ஒதுக்கினார்கள். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பதினொன்றாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயா. கோப்பெருஞ்சோழன் கதையை "உங்க ஊரு ராஜாடா" என்று உறையூர்க்காரனான என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தீர்கள். பெற்ற பிள்ளைகளே எதிர்த்து நிற்க, போருக்குக் கிளம்பியவனைப் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்க, அவன் உயிர்விடத் துணிந்து வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்துவிட்டான். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையை அவன் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் "இன்னே வருகுவன், ஒழிக்க, அவற்கு இடமே" என்றான். புறநானூறு 216. 'ஒழிக்க' என்றால் இல்லாமல் ஆக்குவது என்று நினைத்து விழித்தேன். "அலமாரியை ஒழிச்சு வைன்னு உங்கம்மா சொன்னதில்லையா?" என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லோடு இருபது வருஷம் சுற்றியிருக்கிறேன், ஐயா.

அதே பாட்டில்தான் மற்றதும் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லும்போது 'பேதைச் சோழன்' என்று சொல்லிக்கொள்ளும் "சிறந்த காதற் கிழமை" உடையவன் பிசிராந்தை என்கிறான் அரசன். பரீட்சையில் அதை நட்பு என்றுதான் எழுதினேன். உரையாசிரியர் பரிமேலழகரும் 785ஆம் குறளுக்கு இவர்களைத்தான் காட்டுகிறார், அதிகாரம் நட்பு. பழந்தமிழில் காதல் என்ற சொல் மகனுக்கும் நண்பனுக்கும் வரும் என்பதும் தெரியும். அவர்கள் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் என்று நிறுவ நான் ஆய்வேடு எழுதவில்லை. பதினாறு வயதில் அந்த வரியைக் கேட்டதும் என் காது சூடானது, அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது 2018 செப்டம்பர் 6 இரவு, தன்பாலுறவு குற்றமில்லை என்று 377ஆம் பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று.

மெய்ப்புப் பார்த்த அக்காவுக்கு நான் பட்ட கடன் பெரிது. "அந்தப் பொம்பளை எங்கே?" என்று முதல் வரைவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். எனக்குப் புரியவில்லை. 191ஆம் பாட்டைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். இத்தனை வயதிலும் நரை இல்லையே ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆந்தையார் சொல்லும் முதல் காரணமே "மாண்ட என் மனைவி". நானோ அவளை இறந்துபோனவள் என்று மனசுக்குள் ஓரங்கட்டி வைத்திருந்தேன்! மாட்சிமை உடைய மனைவி, அக்கா திருத்தினார். கணவன் ஓர் அன்னச் சேவலைக் கூப்பிட்டு, உறையூர் மாடத்தில் இறங்கி 'நான் ஆந்தையின் அடியுறை', அதாவது அவன் அடியில் வாழ்பவன், என்று சொல் எனப் பாடுவதை (அது 67) அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள்? நாவலின் ஏழாம் அத்தியாயம் முழுக்க இப்போது அவளுடையது. நான் எழுதியதில் உருப்படியானது அதுதான் என்று எனக்கே தோன்றுகிறது.

நூலக ஐயா, உ.வே.சா. 1894இல் முதலில் பதிப்பித்த புறநானூற்றுப் பழைய உரையின் மறுபதிப்பை மாதக்கணக்கில் என் மேசையிலேயே விட்டுவைத்தீர்கள். 212ஆம் பாட்டில் சோழன் தன் நண்பரான புலவர் பொத்தியாரோடு தினமும் வாய்விட்டுச் சிரித்திருப்பதை ஆந்தையார் பாடுகிறாரே, அதில் பொறாமை வாடை அடிக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் மாட்டீர்கள். கதையில் வரும் ஊடல் எல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்து முளைத்ததுதான்.

ஆந்தையைப் பெண்ணாக்கித் தந்தால் உடனே போடலாம் என்ற பதிப்பாளருக்கும் நன்றி. அன்றைக்கு வந்த கோபத்தில் கடைசி மூன்று அத்தியாயங்களை முடித்தேன்.

டேய் மாப்ள, 219இல் வரும் "புள்ளி நீழல்" எப்படி இருக்கும் என்று பார்க்க, சித்திரை வெயிலில் காவிரி மணலுக்கு வண்டி ஓட்டினாய். மரத்தடியில் என் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெயில். நீ பரோட்டா தின்றுகொண்டிருந்தாய். நான் உண்ணாநோன்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

நோன்பைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. கதை என்ன என்று மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிடாம இருந்தா பசியைவிட வாய்க்கசப்புதான்டா படுத்தும், அதை எழுதினியா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. ஏகாதசி ஏகாதசியாகப் பட்டினி கிடந்தவர் சொன்னதை அப்படியே சேர்த்தேன்.

ஆந்தையார் வந்து சேர்ந்ததைப் பொத்தியார் வியந்து பாடுகிறார். வந்தவனும் இருந்தவனும் என்ன பேசினார்கள் என்று ஒரு பாட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நான்கு மாதம் திணறினேன். "ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல உட்காரட்டும்" என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னவன் நீ. நன்றி மடலில் என் பெயரைப் போடாதே என்றும் நீதான் சொன்னாய். போடவில்லை. ஆனால் அட்டையில் என் புனைபெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது இல்லை என்பதை அம்மா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்.